பாக்கியம் பார்த்த வாட்டம்

மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இங்க நிக்க மாட்ட புள்ள" என்றார்.

"ஏங்க அப்பிடிச் சொல்றீங்க?"

"ஒஞ் செருப்பப் போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் நடந்து வந்தபடியே கழற்றிப் போட்ட செருப்புகள் எல்லாம் வார்டைப் பார்த்துக் கிடந்தன. என்னுடையது மட்டும் திரும்பி, வெளியே படியைப் பார்த்துக் கிடந்தது. காலை நுழைத்தால் அப்படியே நடந்துவிடலாம். நான்தான் திருப்பி வைத்திருக்கிறேன். திருப்பி வைத்தது எனக்கே நினைவில்லை.

அந்த அம்மாவின் பெயர் பாக்கியம். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மருந்து, ஊசி, கட்டில் விரிப்பு எல்லாம் தாதி மிஸ்மார் சொல்லித் தருவார்கள். அதைச் சொல்ல நான் தாதியும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். அட்டென்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது ஒரு சொல்லை நான் தப்பாகக் கேட்ட கதை. அந்தத் தப்பு உங்களில் யாருக்கும் வரலாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் முதலில் வரும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். பதினாறு வயதில் கொழுந்துக் கூடை வேண்டாம் என்று கொழும்புக்குப் போய் வீட்டு வேலை செய்தேன். பிறகு கட்டுநாயக்காவில் தையல் தொழிற்சாலை. பிறகு குவைத்தில் மூன்று வருடம். அங்கே ஒரு பல் போனது. திரும்பி வந்து ஹட்டனில் ஒரு பேக்கரி. சண்டை வந்தால் பையைக் கட்டுவேன். சலிப்பு வந்தாலும் பையைக் கட்டுவேன். அப்படி அலைந்ததில் மிச்சமானது சிங்களம் மட்டும்தான். எங்கள் வார்டில் நோயாளிகளில் பெரும்பாலானோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், மிஸ்மாரும் டாக்டரும் சிங்களவர்கள். நடுவில் நின்று பேச ஒரு நாக்கு வேண்டியிருந்தது. என்னை எடுத்தது அந்த நாக்குக்காக.

பாக்கியம் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் வேலை செய்தவர். கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டுக் காயவைக்கும் இடம் அது. நோய் கூடும்போது வார்டுக்கு வருவார், தணிந்தால் வீட்டுக்குப் போவார், மறுபடி வருவார். குழாய்க்குள்ளே ஆட்கள் பேசுவதாகச் சொல்வார். ஒரு நாள் கூரையில் சிறுத்தை குட்டி போட்டிருக்கிறது என்றார். இன்னொரு நாள், கொத்மலை அணை உடைந்து தண்ணீர் மலையேறி வருகிறது, எல்லோரும் கட்டில் மேல் ஏறுங்கள் என்றார். ஐந்து பேர் ஏறியும்விட்டார்கள். இறக்குவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப் போனது.

அதே அம்மாதான் சாவி விஷயத்தையும் சொன்னார்.

பகல் சாப்பாட்டு நேரம். பாக்கியம் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, "சாவி செத்துப்போச்சு! சாவி செத்துப்போச்சு!" என்று கத்த ஆரம்பித்தார். வார்டே சிரித்தது. எதிர்க் கட்டில் பெண் வாயில் சோற்றோடு, "அப்ப கருமாதி எப்பங்க? சோறு இதவிட நல்லாருக்கும்ல" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே சின்ன மிஸ்ஸிடம் வேடிக்கையாகச் சொன்னேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரைப் பெரிய மிஸ் என்போம். இவர் புதிதாக வந்த இளம் தாதி, அதனால் சின்ன மிஸ்.

சின்ன மிஸ் சிரிக்கவில்லை. கை இடுப்புப் பைக்குப் போனது. மருந்து அலுமாரியின் சாவிக்கொத்து அங்கே இல்லை. ஓடினோம். சாவி அலுமாரிப் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. முந்தின நாள் வந்த ஒரு பெண் கையில் மருந்துப் போத்தலோடு நின்றாள். மூடி இன்னும் திறக்கப்படவில்லை.

சின்ன மிஸ் நடந்தால் அந்தச் சாவிக்கொத்து கிலுங்கும். எங்களுக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகி, கேட்காமலே போய்விட்டது. பாக்கியத்துக்கு அது நின்றது கேட்டிருக்கிறது.

இப்படி ஏதாவது நடந்தால் வார்டில் கிசுகிசுப்பார்கள். சாமி வந்து சொல்கிறது என்பார்கள். ஒரு மிஸ் பாக்கியத்தின் கட்டிலுக்குத் தனியாகப் போகவே பயந்தார். நான் அப்படி நினைத்ததில்லை. தோட்டத்தில் மேலாளர் துரையின் ஜீப் வளைவு திரும்பும் சத்தத்தை வைத்தே இன்று அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நாள் அந்த மனநிலையில் தொங்குகிறது, அதனால் தெரிகிறது. வார்டில் இருப்பவர்களுக்கு எங்கள் முகம்தான் அந்த ஜீப். நாள் முழுக்க எங்களையும் ஒருவரையொருவரையும் தவிரப் பார்க்க வேறொன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் இந்த விளக்கம் போதும் என்று சொல்ல மாட்டேன். போதாத இடங்களும் இருந்தன.

அன்றிலிருந்து பாக்கியம் சொன்னால் காது கொடுக்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன். என்ன சொல்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதைப் படிக்கவில்லை.

கவிதா வந்தது அதற்குப் பிறகு. இருபத்திமூன்று வயது. பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம் தூக்கம் போய், பேச்சு கூடி, லயத்துக் கூரையில் ஏறி நின்று பாடியவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் இரண்டு வாரமும் வார்டில் யாரும் தூங்கவில்லை. பிறகு லித்தியம் என்ற மருந்து தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். ஒரு மாதமாக அவள் பிள்ளையைத் தொடவில்லை. புதன்கிழமை புருசன் பிள்ளையோடு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. விரிப்பின் ஓரத்தில் நூலை உருவி, போகிற நாளுக்கு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை முடிச்சுப் போட்டு, தினம் ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மருந்தைப் பற்றி உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது. குறைந்தால் அதே மருந்து உடம்பில் தேங்கி நஞ்சாகிவிடும். எனக்கும் சொன்னார்கள். தலையை ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. முகம் கழுவ வெந்நீர் கொண்டுபோன என் சட்டையைப் பாக்கியம் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கடேசிக் கட்டில் புள்ள இருக்குல்ல, கவிதா. வாட்டம் கூடிப்போச்சு. நேத்துச் சாயந்தரமே பாத்தேன், எழும்பல. மிஸ்ஸுக்கிட்டச் சொல்லு."

"சரிங்க, சொல்றேன்."

"இப்பவே சொல்லு. பொறகுன்னா மடமடன்னு போயிரும்."

திரும்பிப் பார்த்தேன். கடைசிக் கட்டிலில் கவிதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் வாடித்தான் இருந்தது. இரண்டு நாளாக நான் பார்க்கும்போதெல்லாம் எழும்பாமல்தான் படுத்துக் கிடந்தாள். பாக்கியம் சொன்னது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஏழு மணிக்குச் சின்ன மிஸ் வந்ததும் சொன்னேன்: "கவிதா துகின் இன்னவா." கவிதா வருத்தமாக இருக்கிறாள், படுக்கையை விட்டு எழும்பவில்லை, பாக்கியம் அம்மா சொல்கிறார்.

சின்ன மிஸ் அதை அலட்சியம் செய்யவில்லை. கட்டிலுக்குப் போய்க் கவிதாவின் தலையைத் தடவினார். அவருக்குத் தமிழ் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த சொற்களைத் தாளில் எழுதி வைத்திருப்பார். 'பயப்படாதீங்க' என்பது அவர் வாயில் எப்போதும் 'பயப்படுங்க' என்றுதான் வரும். புதிதாக வருகிற நோயாளியிடம் சிரித்த முகத்தோடு "பயப்படுங்க, பயப்படுங்க" என்பார். அவர்களும் பயப்படுவார்கள். கவிதாவிடமும் அதையே சொல்லிவிட்டு வந்து, நோய்க் குறிப்பு எழுதும் டிக்கெட்டில் 'மனச்சோர்வு' என்று எழுதினார். நான் கொடுத்ததைத்தான் எழுதினார்.

எட்டு மணிக்கு மருந்து. மிஸ் கவிதாவுக்கு லித்தியம் மாத்திரையை நீட்ட, நான் தண்ணீர்க் கோப்பையோடு நின்றேன். பாக்கியம் தன் கட்டிலிலிருந்து இறங்கி நடுவழியில் வந்து நின்றுகொண்டார்.

"வாட்டம் கூடுனதுக்கு மேல என்னத்தடி குடுக்குறீங்க? காத்த நிப்பாட்டு! மொதல்ல காத்த நிப்பாட்டு!"

"என்ன சொல்லுது அக்கா?" என்றார் மிஸ்.

"காற்றை நிறுத்தச் சொல்கிறார்" என்றேன் சிங்களத்தில். குழாயில் ஆட்கள் பேசுவதுபோல இன்று காற்றிலும் யாரோ பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். போய் ஜன்னலைச் சாத்தினேன். பாக்கியத்தின் தோளைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி நடந்தார். பேக்கரியில் முதலாளி சின்ன வேலையைக்கூடக் கெடுத்த ஆளைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

திரும்பி வந்து, மாத்திரையை விழுங்கக் கவிதாவின் வாயில் நானே கோப்பையை வைத்தேன். ஒரு மடக்குத்தான் குடித்தாள். போதும் என்று தள்ளிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். "நாளைக்கு வீட்டுக்குப் போகிறீர்கள், சரியா?" என்று கேட்டதை நான் தமிழில் சொன்னேன். கவிதா "ஆமாங்க" என்றாள். நாக்கு தடித்து வந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். பிள்ளையைப் பார்த்தால் சோர்வு போய்விடும் என்று டாக்டர் சொன்னார். தோட்டத்துக் கிளினிக் ஒன்றுக்குக் கிளம்பிப் போனார். போன் சிக்னல் கிடைக்காத பாதை அது.

பதினொரு மணிக்குத் தேநீர். கவிதாவின் கையில் கோப்பையைக் கொடுத்தேன். கை ஆடியது. சின்ன நடுக்கம் இல்லை, தோளிலிருந்து ஆடியது. கோப்பை கட்டில் கம்பியில் தடதடவென்று அடித்து, தேநீர் விரிப்பெல்லாம் கொட்டியது.

"என்னா புள்ள, நாளைக்கு வீட்டுக்குப் போற சந்தோசமா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பாக்கியம். அவர் கத்தவில்லை. என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் உடனே தன் இடத்துக்குப் போனது.

"இது பச்சை" என்றார்.

பிறகு கவிதாவின் கையை எடுத்து அதேபோல் கிள்ளி விட்டார். தோல் போகவில்லை. கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"இது வாட்டம். எழும்புதா, பாரு. தண்ணி இல்ல. ஒனக்கு இதுகூடத் தெரியாதா? நீ தோட்டத்துப் புள்ளதான?"

முழு விவரத்தைப் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோரில் கொழுந்தைக் காயவைப்பதற்கு வாட்டம் என்றுதான் பெயர். கொழுந்திலிருந்து தண்ணீரை இழுக்கிற வேலை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவார்கள். எழும்பி விரிந்தால் பச்சை, தண்ணீர் இருக்கிறது. எழும்பாவிட்டால் வாட்டம் வந்துவிட்டது. அதற்கு மேல் போனால் இலை மடமடவென்று நொறுங்கும். அப்போது முதலில் காற்றை நிறுத்துவார்கள். பாக்கியம் காலையிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: உடம்பு காய்ந்துவிட்டது, மாத்திரையை நிறுத்து. நான் பதினாறு வயதில் தோட்டத்தை விட்டு ஓடியவள். ஸ்டோர் படி ஏறியதே இல்லை. எனக்கு வாட்டம் என்றால் வருத்தம். எழும்பல என்றால் படுக்கை. காற்று என்றால் ஜன்னல்.

"கவிதா, தண்ணி குடிச்சியா? எப்பக் கடேசியாக் குடிச்ச?"

அவள் கண்கள் என்மேல் நிற்கவில்லை. "அக்கா... டாக்டருட்டச் சொல்லிராதீங்க."

"என்னத்த?"

"வயித்தால போகுது. மூணு நாளா. தண்ணி குடிச்சா... இன்னும் போகுது. அதான் குடிக்கல." ஒவ்வொரு சொல்லும் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. "சொன்னா நாளைக்கு... விட மாட்டாங்க. புள்ள வருவான்."

பாக்கியத்தின் கட்டிலுக்கு எதிரேதான் கழிவறைக் கதவு. அந்தத் தாழ்ப்பாள் எத்தனை தடவை விழுந்தது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கழிவறையைக் காலையும் மாலையும் கழுவியது நான்.

ஓடினேன். "துக நெவெய் மிஸ், வத்துர நே!" வருத்தம் இல்லை, தண்ணீர் இல்லை. மூச்சு வாங்க மீதியையும் சொன்னேன். "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் மிஸ். காலையிலேயே சொன்னார். நான்தான் தப்பாக..."

"அதைப் பிறகு சொல்லுங்கள்" என்றார் சின்ன மிஸ். கவிதாவிடம் போய்ப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். எழுந்து நிற்கச் சொன்னார், நிற்க முடியவில்லை. மேசைக்கு வந்து டிக்கெட்டைத் திறந்தார். அவருடைய கையெழுத்தில் 'மனச்சோர்வு' என்று இருந்தது. அதற்குக் கீழே எட்டு மணி மருந்து கொடுத்ததற்கும் அவர் கையெழுத்து.

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். அவருக்கு இருபத்தாறு வயது. டாக்டரைப் போனில் பிடிக்க முடியவில்லை. பெரிய மிஸ் வேறு கட்டிடத்தில் கூட்டத்தில் இருந்தார். ஒரு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார். அதுவரை காத்திருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. காத்திருக்காமல் போனால், மருத்துவ வார்டில் அந்த டிக்கெட்டைத் திறந்து அவர் எழுதிய சொல்லை முதலில் படிப்பார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் நீளமாக இருந்தது.

இரவு மருந்துக்கு நேரே கோடு போட்டார். எழுதியதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே புதிதாக எழுதினார். போனை எடுத்து மருத்துவ வார்டைக் கூப்பிட்டு, "கொண்டுவருகிறேன்" என்றார். கொண்டுவரலாமா என்று கேட்கவில்லை.

"அக்கா, டிராலி."

மருத்துவ வார்டு மேட்டில் இருக்கிறது. மழை. கூரை போட்ட சரிவுப்பாதைதான், ஆனால் சாரல் உள்ளே அடித்துத் தரை வழுக்கியது. நான் முன்னால் இழுத்தேன், மிஸ் பின்னால் தள்ளினார். கவிதாவின் கை டிராலிக் கம்பியில் அடித்துக்கொண்டே வந்தது. மிஸ் அவள் காதுக்குக் குனிந்து, "பயப்படுங்க கவிதா, பயப்படுங்க" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்போது அதுதான் சரியாகப் பட்டது.

அங்கே இருந்த டாக்டர் டிக்கெட்டின் மேல்பக்கத்தைப் பார்த்தார். "மனநல வார்டா? நாளைக்கு வீட்டுக்குப் போகிற ஆள்தானே. பதற்றமாக இருக்கும். ஓரமாக விடுங்கள், பார்க்கிறேன்."

"சேர், தோலை ஒரு தடவை கிள்ளிப் பாருங்கள்" என்றார் சின்ன மிஸ். "ஒரே ஒரு தடவை. பிறகு நான் ஓரமாக நிற்கிறேன்."

அவர் கிள்ளினார். பாக்கியம் செய்த அதே மாதிரி, இரண்டு விரலால். மடிப்பு நின்றது. டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எப்போதிருந்து இப்படி?"

சின்ன மிஸ் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "காலை ஆறரைக்கு ஒரு நோயாளி என்னிடம் சொன்னார் சேர். நான் அதைத் தப்பாக மொழிபெயர்த்தேன்."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஊசி, சேலைன், இரத்தம் எடுக்கச் சொல்லி வரிசையாகக் கத்தினார். சேலைன் ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கவிதாவுக்கு வலிப்பு வந்தது.

இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குக் கண்டிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸில் அந்த வார்டின் ஒரு மிஸ்ஸும் நானும் ஏறினோம். கினிகத்தேனை வளைவுகளில் அவள் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. ஒரு தடவை கண்ணைத் திறந்து, "கதவத் தொறந்து வைங்கக்கா. புள்ள வருவான்" என்றாள். பிறகு பேசவில்லை. கண்டியில் ஒரு கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. என் மடியில் அவளுடைய விரிப்பு இருந்தது. ஓரத்து நூலில் ஒரே ஒரு முடிச்சு பாக்கி.

பஸ் பிடித்துத் திரும்பினேன். அறைக்கு வந்ததும் பையைக் கட்டினேன். அழவில்லை. எனக்குப் பழகிய வேலைதான் அது. இரண்டு சேலை, மூன்று சட்டை, ஒரு போர்வை. மறுநாள் காலை சீருடையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்கு வந்தேன். பையை வாசலில் வைத்துச் செருப்பைக் கழற்றினேன்.

பாக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"செருப்பு ரெடியாத்தான் கெடக்குது போல."

"ஆமாங்க."

"அந்தப் புள்ளைக்கு என்னா?"

"தெரியலங்க. இன்னும் கண்ணு முழிக்கலயாம்."

"அது தெரியாமயே போறியா?"

சீருடையைக் கொடுக்கப் பெரிய மிஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். பத்து மணிக்கு, சொன்னபடியே கவிதாவின் புருசன் பிள்ளையோடு வந்தான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தான். பிள்ளைக்கு மஞ்சள் தொப்பி. அவனிடம் யாராவது தமிழில் சொல்ல வேண்டும். நான்தான் சொன்னேன். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு பெரிய மிஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "எழுதியது நான்" என்றார் சின்ன மிஸ். "சொன்னது நான்" என்றேன். பெரிய மிஸ் கடுமையான ஆள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று நன்றாகக் கிடைத்தது; எழுத்திலும் கிடைத்தது. எல்லாம் முடிந்து நான் கதவுக்குப் போகும்போது கேட்டார்:

"அந்த அம்மா சொன்ன சொல் என்ன?"

"வாட்டம், மிஸ்."

சின்ன மிஸ்ஸிடம் வார்டுக் குறிப்புப் புத்தகத்தைத் தள்ளினார். "அதை அப்படியே எழுது. சத்தம் எப்படியோ அப்படி. அர்த்தம் பிறகு." சின்ன மிஸ் சிங்கள எழுத்தில் 'வாட்டம்' என்று எழுதினார். அன்றிலிருந்து அந்த வார்டில் அதுதான் வழக்கம். நோயாளி சொன்ன சொல் முதலில். அதற்கு நாங்கள் நினைக்கிற அர்த்தம் பக்கத்தில், யார் சொன்ன அர்த்தம் என்ற பெயரோடு. என் பெயர் அந்தப் புத்தகத்தில் நிறைய இருக்கிறது.

பை வாசலிலேயே கிடந்தது. கவிதாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகு போகலாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் கண்டியிலிருந்து போன் வந்தது. கண் விழித்துவிட்டாள். முதலில் கேட்டது பிள்ளையை. இரண்டாவது, தண்ணீர்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கிளினிக் நாளில் அவளைப் பார்த்தேன். வலது கை இன்னும் லேசாக ஆடியது. அதனால் பிள்ளையை இடது பக்கமே வைத்திருந்தாள். அந்தக் கை எப்போதாவது முழுதாக நிற்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் பார்த்துவிட்டாள். "சோறு திங்கலாங்கக்கா, ஊசியிலதான் நூல் கோக்க முடியல" என்றாள்.

அன்று பாக்கியமும் மருந்து வாங்க வந்திருந்தார். வந்தவர் வணக்கம் கிணக்கம் எதுவும் சொல்லவில்லை. நேரே போய்க் கவிதாவின் புறங்கையைக் கிள்ளி விட்டார்.

"பச்சை" என்றார். "ரோலருக்கு இன்னும் நாளிருக்கு."

வாட்டம் வந்த கொழுந்தைத்தான் ஸ்டோரில் ரோலரில் போட்டு நசுக்குவார்கள். கவிதாவுக்கு அது தெரியும். "ஏங்க, என்னைய ரோலர்ல போடுற எண்ணம் வேற வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பாக்கியம் பிள்ளையின் தொடையைக் கிள்ளினார். பிள்ளை வீறிட்டது. "இதுவும் பச்சை" என்று சொல்லிவிட்டு, குழாயைப் பார்த்து, "பேசாம இருங்கடா, நாந்தான் பாத்துட்டேன்ல" என்று அதட்டினார்.

சின்ன மிஸ் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, என்ன சொல்லுது அவங்க?"

"பச்சை என்கிறார் மிஸ். பச்சை. தண்ணீர் குறையாத கொழுந்துக்கு ஸ்டோரில் அப்படிச் சொல்வார்கள். ரோலருக்கு இன்னும் நாளிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு குழாயைப் பேசாமல் இருக்கச் சொன்னார்."

பேனா நின்றது. "பச்சை, நல்லதா, கெட்டதா?"

"எனக்குத் தெரிந்தவரை நல்லது மிஸ்" என்றேன். "எதற்கும் அவரையே ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்."